நடுவுல பாட வர்ற பொம்பளை

எங்கள் வீட்டில் சண்டை வருவதென்றால் அது பெரும்பாலும் ஒரு பொம்பளையால்தான் வரும். அவள் எந்த ஊர், என்ன பேர், உயிரோடு இருக்கிறாளா இல்லையா, எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. பழைய ஜாஸ் ரெக்கார்டுகளில் நடுவில் வந்து பாடுகிறவள். வாத்தியமெல்லாம் சேர்ந்து ஒரு சுற்று வந்து, கிளாரினெட் மேலே ஏறப்போகிற நேரம் பார்த்து அவள் வாயைத் திறந்துவிடுவாள்.

"வந்துட்டாய்யா. இவள யாரு கூப்ட்டாங்க?" என்பார் என் வீட்டுக்காரர். ரிமோட்டில் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவள் முடிக்கிறவரைக்கும் மடியில் கிளாரினெட்டைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாதா கோவிலில் நீளமான பிரசங்கத்தின்போது உட்காருவாரே, அதே முகம்.

பாட்டாவது பரவாயில்லை. சில ரெக்கார்டு ரேடியோவிலிருந்து பிடித்தது. ஏதோ ஓட்டலில் கச்சேரி நடக்க, அதை அந்தக் காலத்தில் ரேடியோவில் போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு ஆள் பேசுவான். ஆரம்பத்தில் பேசுவான், நடுவில் பேசுவான், கடைசியில் வாத்தியம் இன்னும் முடியாமல் இருக்கும்போதே அதன் மேல் ஏறி நின்று பேசுவான்.

"யாரு வாசிக்கிறாங்கன்னு சொல்றானாம். வாசிக்கிறவன் வாசிக்கிறப்பவா சொல்லுவ? பேஜாரு புடிச்சவன்."

எனக்கு அந்த ஆளைப் பிடிக்கும். ஏழாவதோடு நின்றவள் நான், அவன் பேசுகிற இங்கிலீஷில் ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் அந்தக் குரலில் ஒரு தெம்பு இருந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருக்கிறது, யாரும் பயப்பட வேண்டாம் என்று சொல்கிற மாதிரி. எனக்கு அப்படிச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. கேஸை மூடினேனா என்று மேம்பாலத்தடியில் பஸ் ஏறிய பிறகு இறங்கி வீட்டுக்கு நடந்து வந்து பார்த்தவள் நான். மூடித்தான் இருந்தது. மூடியிருக்கிறதே, பூட்டை ஒழுங்காகப் பூட்டினேனா என்று அடுத்த கவலை.

"அந்த ஆளு பேசட்டுமே. வூட்ல நாலு பேரு இருக்கறாப்ல இருக்குது" என்பேன்.

"நாலு பேரு வேணும்னா சந்தைக்குப் போ."

இப்படித்தான் ஆரம்பிக்கும்.

என் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிறவர். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, சாவு, கோவில் திருவிழா எல்லாவற்றுக்கும் போவார்கள். தவக்காலத்தில் எங்கள் ஆட்கள் கல்யாணம் வைக்கமாட்டார்கள், ஆடியில் மற்றவர்கள் வைக்கமாட்டார்கள். அந்த மாதங்களில் பெயிண்ட் அடிக்கப் போவார். அப்படிக் குயிலாப்பாளையத்தில் ஒரு வயசான வெள்ளைக்காரர் வீட்டுக்குப் போனபோதுதான் இந்த ஜாஸ் அவரைப் பிடித்தது. உள்ளே ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்ததாம். ஏணிமேல் நின்றவர் பிரஷை நனைத்தபடியே கேட்டுக்கொண்டு நின்றதில் பெயிண்ட் எல்லாம் முழங்கை வரைக்கும் வழிந்து, அந்த மனிதர் வெளியே வந்து பார்த்துச் சிரித்துவிட்டாராம். நானும் கிளாரினெட்தான் என்று இவர் கையால் ஜாடை காட்டியிருக்கிறார். வேலை முடிந்து வரும்போது அவர் ஒரு பென் டிரைவில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தார். பிறகு அவர் ஊரைவிட்டே போய்விட்டார். பென் டிரைவ் எங்கள் டிவிக்குப் பின்னால் குடியேறிவிட்டது.

அதைப் போட்டுக்கொண்டு கூடவே வாசிப்பார். என்னிடம் ஒருமுறை சொன்னார், பேண்டில் வாசிப்பது வேலை, இதோடு வாசிப்பதுதான் பேச்சு என்று. பேச்சுக்கு நடுவில் அந்தப் பொம்பளை வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது.

ஆனால் கோவில் தேர்பவனியிலும் அவருக்கு அதே கதிதான். எங்கள் தேர் சுற்றி வரும்போது மைக்கில் ஜெபமாலை சொல்லிக்கொண்டே போவார்கள். ஜெபமாலையில் பத்து மணி உருட்டி முடித்ததும் ஒரு பாட்டு, அதன் பிறகு பேண்டுக்குக் கொஞ்சம் இடம். அடுத்த பத்தைத் தொடங்க, ஜெபம் நடத்துகிற உபதேசியார் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனதும் பேண்டு நின்றுவிட வேண்டும். பாதி வரியில் இருந்தாலும் நிற்க வேண்டும். அதுதான் வழக்கம். மைக் வாய் திறந்தால் பீப்பி வாய் மூடணும் என்று பேண்டுக்காரர்களே கேலி பேசிக்கொள்வார்கள்.

போன திருவிழாவில் முனைத்தெருவில் தேர் திரும்பும்போது கரண்டு கம்பியில் மாதாவின் கிரீடம் தட்டப் பார்த்தது. கழியால் கம்பியைத் தூக்கிப் பிடிக்க ஆட்கள் ஓடினார்கள். உபதேசியாரும் மைக்கை வைத்துவிட்டு ஓடினார். பேண்டு வாசித்துக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் இவர் ஒன்று செய்தார். மாதா பாட்டை வாசித்துக்கொண்டே மெதுவாக அந்த ஜாஸ் பக்கம் இறங்கினார். வீட்டில் தினம் கேட்கிற நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன். டிரம் அடிக்கிற ஆளும் சிரித்துக்கொண்டே கூடப் போனான். பொடிசுகள் ஆட ஆரம்பித்தன.

உபதேசியார் திரும்பி வந்தார். மைக்கை எடுத்தார்.

"பேண்டு வாத்தியக்காரர்கள் கவனத்திற்கு. இது கல்யாண ஊர்கோலம் இல்லை. மாதாவுக்குக் காது கேட்கும்."

தெருவே சிரித்தது. நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்தவர் முகத்தில் வருத்தமே இல்லை. "கேட்டியாம்மே, முழுசா வாசிச்சேன். நடுவுல ஒருத்தரும் வரல" என்று சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றினார்.

திருவிழா முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். காலையில் பல் தேய்த்துவிட்டுக் கொப்புளித்தார். தண்ணீர் நேராகப் போகாமல் பக்கவாட்டில் பீய்ச்சி அடித்து என் புடவைமேல் விழுந்தது. "இன்னாங்க இது" என்று திரும்பினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் வலது பாதி மட்டும்தான் சிரித்தது.

பக்கவாதம் என்றே முடிவு செய்துவிட்டேன். ஆட்டோவில் இங்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், அவர்கள் சொல்லி விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தப் பஸ்ஸில் அவர் இடது கண் மூடாமல் காற்றில் தண்ணியாக ஊற்றிக்கொண்டே வந்தது. அழுகிறாரா என்று பக்கத்துச் சீட்டுக்காரம்மா என்னிடம் சாடையில் கேட்டாள். எனக்கே அது தெரியவில்லை.

டாக்டரம்மா பக்கவாதம் இல்லை என்றார். முகத்துக்குப் போகிற நரம்பு வீங்கிக்கொண்டதாம். மாத்திரை கொடுத்தார், கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்.

"பெரும்பாலும் சரியாயிடும்மா. சிலருக்குக் கொஞ்சம் குறை நின்னுடும். இந்த மொதல் கொஞ்ச மாசம்தான் முக்கியம். வாய்க்கு வேல குடுத்துக்கிட்டே இருக்கணும்."

"இவரு கிளாரினெட் வாசிக்கிறவருங்க" என்றேன்.

டாக்டரம்மா அவர் வாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எக்சர்சைஸ் பண்ணட்டும்" என்றார்.

எக்சர்சைஸ் சொல்லிக்கொடுக்கிற பெண் கண்ணாடிக்கு முன்னால் உட்காரவைத்து ஆ, ஈ, ஊ, ஓ சொல்லச் சொன்னாள். கன்னத்தை உப்பச் சொன்னாள். பலூன் ஊதச் சொன்னாள். இவர் ஊதினார். காற்றெல்லாம் இடது ஓரம் வழியாகப் புஸ்ஸென்று போனது. முப்பது வருஷத்துக்கு மேலாக ஊதிப் பிழைத்த மனிதர். பலூன் அசையவில்லை. அந்தப் பெண் பாவம், "பரவால்லங்க அங்கிள், மெதுவா" என்றாள். அவர் பலூனை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதோடு வீட்டில் சத்தம் நின்றது. அவருக்குப் ப வரவில்லை, ம வரவில்லை. எது சொன்னாலும் கேட்கிறவர்கள் "இன்னா?" என்பார்கள். இரண்டாம் தடவை சொல்லுவார். மூன்றாம் தடவை கேட்டால் எழுந்து போய்விடுவார். பிறகு சொல்வதையே விட்டுவிட்டார். சோறு வேண்டும் என்றால் தட்டை எடுத்துவைப்பார், வேண்டாம் என்றால் கையைக் காட்டுவார். கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினார். கிளாரினெட் பெட்டி பீரோமேல் போனது. டிவியில் எதுவும் போடக்கூடாது. பகலில் படுத்துத் தூங்குவார், இடது கண் மட்டும் பாதி திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். தூங்குகிற ஆள் பார்ப்பதற்கு நான் பதிலுக்கு எப்படிப் பார்ப்பது. ஒரு துணியை நனைத்து அதன்மேல் போட்டுவிட்டு மிஷினுக்குப் போய்விடுவேன். நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறவள்.

எக்சர்சைஸ் மட்டும் செய்யவே மாட்டேன் என்றார். "கொஞ்ச மாசம்தான்னு டாக்டரம்மா சொன்னாங்களேங்க" என்று சொல்லிச் சொல்லி நான்தான் ஆ, ஈ, ஊ என்று வாயைக் கோணிக்கொண்டு நின்றேன். மாதம் போய்க்கொண்டே இருந்தது. வாய் திரும்பாமலே நின்றுவிட்டால் இந்த மனிதர் என்ன ஆவார் என்பதுதான் என் தலையில் எப்போதும் ஓடியது. மற்ற கவலையெல்லாம் அதன் பின்னால் வரிசையில் நின்றன.

வெளியே வேறு பேச்சு. பூசை முடிந்து வரும்போது ஒருத்தி என் காதில் விழுகிற மாதிரியே சொன்னாள்: "தேர்ல கண்ட பாட்டையும் வாசிச்சா? எந்த வாயால வாசிச்சாரோ அந்த வாயிலயே குடுத்துட்டாங்க பாரு மாதா."

அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்கலாம். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஏனென்றால் அதையே நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். மாதா அப்படிச் செய்கிற ஆள் இல்லை என்று ஒரு மனம் சொல்லும். அன்றைக்குக் கம்பி கிரீடத்தில் தட்டப் பார்த்ததே என்று இன்னொரு மனம் சொல்லும். ஒருநாள் பென் டிரைவைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு கிடங்கல் ஏரி வரைக்கும் போய்விட்டேன், எறிந்துவிடலாம் என்று. கரையில் நின்றபோது இதை ஏதாவது மீன் முழுங்கிச் செத்துப்போனால் அந்தப் பாவம் வேறு சேருமே என்று தோன்றிவிட்டது. திரும்பி வந்து டிவிக்குப் பின்னால் செருகிவிட்டேன்.

உபதேசியாரே ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தார். கோவில் எண்ணெய் ஒரு சின்ன சீசாவில் கொண்டுவந்திருந்தார். மைக் இல்லாமல் அவர் குரல் இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு.

"நான் சும்மா தமாசுக்குத்தான் சொன்னேன்மா. ஜனம் சிரிக்கட்டும்னு. ஊர்க்காரங்க இன்னான்னா என்னமோ நான் சாபம் வுட்டாப்ல பேசிக்கினு இருக்கிறாங்க. எனக்குத் தூக்கமே வரல."

என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், எடுத்ததை அப்படியே மூடிக்கொண்டார். வலது பக்கம்தான் மூடியது. உபதேசியார் அதைப் பார்த்துவிட்டு எண்ணெயை என் கையில் கொடுத்துச் சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

மகளை விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். போனில் அவளிடம் அழுதபோது அவள்தான் சொன்னாள்.

"அப்பாவுக்கு அந்தப் பாட்டுல நடுவுல பாடறது புடிக்காது இல்ல? இப்பெல்லாம் குரல மட்டும் தனியா எடுத்துடலாம்மா. கரோக்கி பண்றாங்களே அதுமாதிரி. சுத்தமா வாத்தியம் மட்டும் போட்டுக் குடு. ஆசையில கிளாரினெட்ட எடுத்தாலும் எடுப்பாரு."

அடுத்த நாள் காலையிலேயே பென் டிரைவோடு மேம்பாலத்துப் பக்கம் ஒரு மொபைல் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒருகாலத்தில் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்தவர்.

"இதுல பாட்டு வேணாங்க. பேச்சும் வேணாம். வாத்தியம் மட்டும் போதும்."

"கோவில் பாட்டுக் குழுவுக்கா அக்கா?"

"இல்ல, எங்க வூட்டுக்காரருக்கு."

"பாடுவாரா?"

"பாடமாட்டாரு. அதுக்குத்தான் பாட்ட எடுக்கச் சொல்றேன்."

அவர் கொஞ்சம் போட்டுக் கேட்டார். "இது இன்னாக்கா, வெள்ளைக்காரன் காலத்துக் கல்யாணமா? கேசட்டுக் கடை வெச்சிருந்தப்ப குரல எடுத்துக் குடுன்னு யாராச்சும் வந்திருந்தா தொரத்தி வுட்டிருப்பேன். குரல் இல்லாம இன்னாத்துக்குப் பாட்டு? இப்ப மிஷினே எடுத்துக் குடுத்துடுது." சாயங்காலம் வரச் சொன்னார். பழையது அப்படியே இருக்கும், பக்கத்தில் இரண்டு புதுசு இருக்கும், ஒன்றில் குரல் இல்லாதது, இன்னொன்றில் எடுத்த குரல் மட்டும் என்று சொல்லிக் கொடுத்தார். "எடுத்தத ஏங்க்கா கொட்டணும்? இருக்கட்டுமே."

வீட்டுக்கு வந்து அவரிடம் ஒன்றும் சொல்லாமல் டிவியில் போட்டேன். கட்டிலில் படுத்திருந்தவர் தலையைத் தூக்கினார். டிரம் சத்தம், தும் தும் என்று பெரிய தந்தி வாத்தியம், பியானோ. பேசுகிற ஆள் இல்லை. எனக்கே கொஞ்சம் பக்கென்று இருந்தது, தெரிந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினால் ஆளில்லாத மாதிரி. பாட்டுக்காரி வருகிற இடம் வந்தது. அவளும் வரவில்லை. அவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். எனக்கு மனசுக்குள் ஸ்தோத்திரம் ஓடியது.

கிளாரினெட் ஏறவேண்டிய இடமும் வந்தது. அதுவும் வரவில்லை. தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி ஒரு தேய்ந்த சத்தம் மட்டும் வந்து போனது. மேலே டிரம் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

அவர் அடுத்ததைப் போடச் சொல்லிக் கையைக் காட்டினார். போட்டேன். அதிலும் கிளாரினெட் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை.

"என்னையுஞ் சேத்து எடுத்துட்டானுங்களா?" என்றார்.

பல நாளுக்குப் பிறகு அவர் முழுசாகச் சொன்ன வார்த்தை அது. கோணலாக வந்தது, ஆனால் ஒரே தடவையில் எனக்குப் புரிந்தது. சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

கடைக்காரருக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மிஷினுக்கு அது மனுசக் குரலாட்டம் கேட்டிருக்குதுக்கா. மூச்சுல வர்றத மனுசன்னு நெனச்சிக்கிச்சு. அதுமேல கோவப்பட்டு இன்னா பண்றது?"

நல்லது செய்யப்போய் இருந்த கொஞ்சத்தையும் கெடுத்துவிட்டேன் என்று நாலு நாள் சோறு இறங்கவில்லை எனக்கு. அவர் எப்போதும்போலத் தட்டை எடுத்துவைத்தார், கையைக் காட்டினார்.

பிறகு ஒருநாள் மத்தியானம் ஒரு கல்யாணத்துக்கு ஐந்தாறு பிளவுஸ் சேர்ந்துவிட்டது. மிஷினை நிறுத்தினால் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. எனக்குத் தாங்கவில்லை. அவர் கண்மேல் துணி போட்டுத் தூங்குகிறார் என்று நினைத்து, அந்த இரண்டாவதை, எடுத்த குரல் மட்டும் இருந்ததை, மெதுவாகப் போட்டேன். எனக்கு என் ரேடியோ ஆள் பேசவேண்டும், அவ்வளவுதான்.

பேசினான். பின்னால் ஒரு சத்தமும் இல்லாமல், பக்கத்து அறையில் நின்று பேசுகிற மாதிரி இருந்தது. பேசி முடித்ததும் ஒன்றுமே இல்லை. டிவி நின்றுவிட்டதோ என்று பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. வாத்தியம் வாசிக்கிற நேரமெல்லாம் வெறும் அமைதி. அப்புறம் அவள் பாட ஆரம்பித்தாள். கூட யாரும் இல்லாமல் தனியாகப் பாடினாள். அவள் மூச்சு வாங்குவது கேட்டது. வார்த்தையை வழவழவென்று இழுத்து, ஓ என்று குவித்து, ஈ என்று விரித்து. அவள் முடித்த இடத்திலேயே கிளாரினெட் எழுந்தது. டிரம் இல்லை, பியானோ இல்லை. அதுவும் தனி. அதுவும் மூச்சு வாங்கியது.

எனக்கு மிஷினை மிதிக்கத் தோன்றவில்லை.

திரும்பவும் அவள் வந்தாள். அப்போது கட்டில் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஊ என்று, நாய்க்குட்டி முனகுகிற மாதிரி. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடும் என்று பயம். மிஷினில் வெறும் துணியை வைத்துச் சும்மா தைத்துக்கொண்டே இருந்தேன். ஊ. அப்புறம் ஓ. அவள் எங்கே குவித்தாளோ அங்கே குவித்து, எங்கே விரித்தாளோ அங்கே விரிக்கப் பார்த்தார். ஸ்வரமெல்லாம் சேரவில்லை. பாதி காற்று. ஆனால் ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் சொல்லிக்கொடுத்ததேதான் அது, ஆ, ஈ, ஊ, ஓ.

பாட்டு முடிந்ததும், "இன்னொரு தடவ" என்றார்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் அவள் வந்தாள். காத்துக்கொண்டு உட்கார டிரம்மோ பியானோவோ இல்லாததால் அவளைத் தாண்டிப் போக இவருக்கு வழியில்லை. இத்தனை வருஷம் சத்தத்தைக் குறைத்து வைத்தவளை இப்போது டிவிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டார்.

"இவ இன்னா சொல்றா?" என்று ஒருநாள் கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்சா நான் ஏங்க பிளவுஸ் தைக்கிறேன்?"

அதற்கு அவர் சிரித்தார். இடது கன்னத்தில் லேசாக ஒரு சுருக்கம் விழுந்த மாதிரி இருந்தது. வெளிச்சமாக இருக்கும் என்று நானே என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். ஆசைப்பட்டால் கெட்டுப்போகும் என்பது என் பழைய பயம்.

பக்கத்து வீட்டுக்காரி வேலிமேல் எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "இன்னாக்கா, அண்ணனுக்குப் பல் வலியா?" மகளிடம் சொன்னபோது, "அப்பா பாடறாரா? தெருவுல ஆளுங்க இன்னும் இருக்கிறாங்களா, காலி பண்ணிட்டாங்களா?" என்று சிரித்தாள், பிறகு போனை டிவி பக்கம் பிடிக்கச் சொன்னாள். விழுப்புரம் போனபோது எக்சர்சைஸ் பெண், "நல்ல முன்னேற்றம் அங்கிள், தெனமும் பண்றீங்களா?" என்று கேட்டாள். இவர் என்னைப் பார்த்துவிட்டு, "ஒரு டீச்சர் வர்றாங்க" என்றார். அந்தப் பெண் நிஜமென்றே நம்பிவிட்டாள்.

கண் மூடியது. ம வந்தது, பிறகு ப வந்தது. கடைக்குப் போய் "பருப்பு" என்று கேட்டு ஒரே தடவையில் வாங்கிக்கொண்டு வந்தார். ஆனால் இடது ஓரம் மட்டும் முழுசாக இறுகவில்லை. காபி குடித்தால் அந்த ஓரத்தில் ஒரு சொட்டு இறங்கும், அவருக்குத் தெரியாது, நான் ஜாடை காட்டுவேன். டாக்டரம்மா அழுத்திப் பார்த்துவிட்டு, இனி வந்தால் மெதுவாகத்தான் வரும், வராமலும் இருக்கலாம் என்றார்.

வைகாசி முகூர்த்தம் நெருங்கியது. பேண்டு மாஸ்டர் போன் செய்தார். பாண்டிச்சேரியிலிருந்து ஒரு கிளாரினெட்டுக்குச் சொல்லலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "சொல்லுங்க, சொல்லுங்க. ஜல்தியா சொல்லுங்க, நல்ல ஆளு கெடைக்கமாட்டாங்க" என்று இவரே அவருக்குத் தைரியம் சொன்னார். போனை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வருகிறவரைக்கும் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு பொட்டலம் வறுத்த மல்லாட்டைக் கடலையோடு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து சாப்பிட்ட பிறகு, பீரோமேலிருந்து பெட்டியை இறக்கினார். தூசியைத் துடைத்தார். துண்டு துண்டாக எடுத்துப் பூட்டினார். வாயில் வைக்கிற ரீடை நாக்கில் நனைக்கும்போது எச்சில் அந்த ஓரத்தில் வழிந்தது, துடைத்துக்கொண்டார். ஊதினார்.

புஸ்ஸென்று போனது. அதே பலூன் சத்தம். இன்னும் இறுக்கிப் பார்த்தார். ஒரு கீச்சு வந்தது, உடனே இடது ஓரம் விட்டுப்போனது. வலது கையால் வாய் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஊதினார், கிளாரினெட் சாய்ந்தது. இடது கையால் பிடித்தார், மேல் துளைகளை மூட விரல் இல்லை. அதற்கு இரண்டு கையும் வேண்டும். நான் பாத்திரம் கழுவுகிற மாதிரி கழுவிக்கொண்டே இருந்தேன்.

"இங்க வாம்மே."

போனேன்.

"இத புடி."

"எத?"

"இந்த ஓரத்த. ரெண்டு விரலால அமுக்கிப் புடி. காத்து போவக்கூடாது."

"ஐயோ, நான் மாட்டேன். எசகுபிசகாப் புடிச்சி நரம்பு கிரம்பு…"

"நரம்பு போனது போனதுதான். புடி."

கையைத் துடைத்துக்கொண்டு அவருக்கு இடது பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் அவர் வாசிக்கும்போது நான் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. கட்டைவிரலை மேலேயும் ஆள்காட்டி விரலைக் கீழேயும் வைத்து, உதட்டு ஓரத்தைப் பிளவுஸ் பிசிறை மடிக்கிற மாதிரி மடித்துச் சேர்த்துப் பிடித்தேன். மீசை குத்தியது.

"வலிக்குதுங்களா?"

வாயில் ரீடு இருந்தது. ஊதினார்.

காற்று என் விரலில் வந்து முட்டியது. முட்டி, வழியில்லாமல் திரும்பிப் போனது. அப்புறம் சத்தம் வந்தது. அடியிலிருந்து வந்த தடித்த சத்தம். அது காதில் விழுவதற்கு முன்னால் என் விரலில் வந்து நடுங்கியது, தையல் மிஷின் ஓடும்போது பலகையில் கைவைத்தால் இருக்குமே அப்படி. பயந்து எடுக்கப் பார்த்தேன். அவர் கண்ணால் அதட்டினார். இரண்டு கண்ணும் சேர்ந்துதான் அதட்டியது.

நீளமாக ஒன்று வாசித்தார். மூச்சு எடுத்தார், நானும் கூடவே மூச்சு எடுத்தேன். கொஞ்சம் மேலே போனார். இப்படியே முகூர்த்தத்துக்குப் போக முடியுமா, கல்யாண ஊர்கோலத்தில் நான் பக்கத்தில் நடந்துகொண்டே வாயைப் பிடித்துக்கொண்டு வர முடியுமா, ஊரே கைகொட்டிச் சிரிக்குமே, என் விரலுக்குப் பதிலாக வேறு ஏதாவது ஒட்டுப்போட முடியுமா, போட்டால் அதில் புண் வருமா என்று தலைக்குள் வரிசை கட்டிக்கொண்டு வந்தன. அவர் இன்னும் மேலே ஏற ஆரம்பித்தார். என் விரல் வியர்த்து வழுக்கியது. மீசை முடி ஒன்று என் மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு இன்னும் மூச்சு இருந்தது. எனக்குத் தும்மல் வரும்போல இருந்தது.

அது வந்துவிடக்கூடாதே என்று மட்டும் நினைத்துக்கொண்டு, பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தேன்.